இருநூறு மணி நேர விமானி

திண்டிவனம் ரயில் நிலையத்தின் நடைமேடையில் நின்றுகொண்டு, வானம் தெளிவாக இருக்கும் ஒரு மாலையில் மேலே பாருங்கள். சென்னையை நோக்கியோ, சென்னையிலிருந்து தெற்கு நோக்கியோ ஒரு விமானம் வெள்ளிப் புள்ளியாக நகர்ந்து செல்வதைக் காணலாம். அதன் முன்னறையில் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். இடப்பக்கம் இருப்பவர் தலைமை விமானி. அவர் பல ஆயிரம் மணி நேரம் பறந்தவர். வலப்பக்கம் இருப்பவர் துணை விமானி. அவருக்கு 21 அல்லது 22 வயதுதான் இருக்கக்கூடும். வேலையில் சேரும்போது அவர் பறந்திருந்தது 200 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக இருந்திருக்கலாம்.

200 மணி நேரம் என்பது அதிகமா, குறைவா? உங்கள் பள்ளிக் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் பள்ளி நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், 200 மணி நேரம் என்பது ஏறத்தாழ 34 நாள் பள்ளிக்கூடம். அவ்வளவுதானா என்று உங்களுக்கு வியப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்த 34 நாளைச் சேர்க்க ஓர் இளைஞர் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. சேர்த்த பின்பும் வேலை கிடைக்க அவர் ஆண்டுக் கணக்கில் காத்திருக்க நேர்வதுண்டு. அந்தக் கதையையும், அதனுள் இருக்கும் அறிவியலையும் இங்கே காண்போம்.

பதிவேடு சொல்லும் கதை

ஒவ்வொரு விமானியும் ஒரு பதிவேடு வைத்திருப்பார். நாள், விமானத்தின் வகை, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், பறந்த நேரம், பகலா இரவா, தனியாகப் பறந்தாரா அல்லது பயிற்சியாளரோடு பறந்தாரா என்பதெல்லாம் அதில் எழுதப்படும். விமானம் மேலெழும்புவதற்காகத் தன் சொந்த விசையால் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, பயணம் முடிந்து அசையாமல் நிற்கும் வரை உள்ள நேரமே பறத்தல் நேரம்.

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது நெடுநாளைய விதி. வான்வழி செலுத்தல், வானிலையியல், வான்பயண விதிகள், விமானத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் தேர்வுகள் உண்டு. வானொலியில் பேசுவதற்குத் தனித் தகுதியும் பெற வேண்டும்.

இவற்றோடு 200 மணி நேரப் பறத்தலும் தேவை. அந்த 200-ம் ஒரே மாதிரியான 200 அல்ல. அதில் 100 மணி நேரமாவது விமானத்தின் பொறுப்பைத் தாமே ஏற்றுப் பறந்திருக்க வேண்டும். வெளியூர்ப் பயணமாக 20 மணி நேரம் பொறுப்பேற்றுச் சென்றிருக்க வேண்டும். கருவிகளை மட்டுமே பார்த்துப் பறக்கும் பயிற்சி 10 மணி நேரம். இரவில் பொறுப்பேற்றுப் பறந்தது 5 மணி நேரம். அதில் பத்துமுறை மேலெழும்பிப் பத்துமுறை இறங்கியிருக்க வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. குறைந்தது 300 கடல் மைல், அதாவது 555 கிலோமீட்டர் தொலைவுள்ள ஒரு நெடும்பயணம் போய்வர வேண்டும். வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி முழுதாக நிற்க வேண்டும்.

விழுப்புரத்தின் மேல் 50-ஆவது நிமிடம்

தமிழ்நாட்டு வரைபடத்தையும் அளவுகோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக இப்படி ஒரு பயணத்தை வகுப்போம். சேலம் விமான நிலையத்தில் புறப்பட்டுப் புதுச்சேரியில் இறங்குகிறோம். அங்கிருந்து சென்னை. சென்னையிலிருந்து மீண்டும் சேலம். நேர்கோட்டில் அளந்தால் முதல் பகுதி சுமார் 190 கிலோமீட்டர், இரண்டாவது 120, மூன்றாவது 265. மொத்தம் 575 கிலோமீட்டர். நமக்குத் தேவையான 555-ஐத் தாண்டிவிட்டோம்.

சேலத்தையும் புதுச்சேரியையும் இணைக்கும் கோட்டைக் கவனியுங்கள். அது விழுப்புரத்தின் மேலேயே செல்கிறது! சிறிய பயிற்சி விமானம் ஒன்று மணிக்கு ஏறத்தாழ 185 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். காற்றே வீசாவிட்டால், சேலத்தில் கிளம்பிய 50-ஆவது நிமிடத்தில் விழுப்புரம் ரயில் சந்திப்பு காலடியில் தெரிய வேண்டும். வானிலிருந்து அதை அடையாளம் காண்பது எளிது. சென்னை, மயிலாடுதுறை, விருத்தாசலம், காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைகளிலிருந்து இருப்புப் பாதைகள் அங்கே வந்து கூடுகின்றன. சிலந்தி கால்களை விரித்தாற்போல் தோன்றும் இத்தகைய அடையாளங்கள், புதிய விமானிக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் காற்று சும்மா இருப்பதில்லையே! வேறொரு சிறிய கணக்கைப் போடுவோம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் தெற்கு-தென்மேற்காக நேர்கோட்டில் சுமார் 37 கிலோமீட்டர். நம் விமானம் 12 நிமிடத்தில் அதைக் கடக்கும். இது ஆடி மாதம். மேற்கிலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. 12 நிமிடம் என்பது ஒரு மணியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே அதற்குள் காற்று விமானத்தை 6 கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிடும். நம் பாதை சாய்வாக இருப்பதால், அந்தத் தள்ளலில் ஒரு பகுதி பக்கவாட்டிலும் ஒரு பகுதி எதிராகவும் அமையும். 12-ஆவது நிமிடத்தில் விமானி கீழே பார்த்தால் விழுப்புரம் இராது. ஊருக்குச் சுமார் 3 கிலோமீட்டர் முன்னதாக, பாதையை விட்டு 5 கிலோமீட்டர் விலகி நிற்பார்.

இப்போது அவர் என்ன செய்ய வேண்டும்? விமானிகள் மனக்கணக்காகவே போடும் ஓர் எளிய விதி உண்டு. 60 மைல் சென்றபின் 1 மைல் விலகியிருந்தால், பிழை 1 பாகை. நாம் 34 கிலோமீட்டர் வந்து 5 கிலோமீட்டர் விலகியிருக்கிறோம். 5-ஐ 34-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 9 பாகை. அதாவது, திண்டிவனத்தில் கிளம்பும்போதே மூக்கை 9 பாகை அளவுக்கு மேற்கே திருப்பி வைத்திருந்தால், விமானம் நண்டுபோல் சற்றே பக்கவாட்டில் நகர்ந்து நேராக விழுப்புரம் போய்ச் சேர்ந்திருக்கும்.

உங்கள் முக்கோணவியல் பாடம் எதற்குப் பயன்படும் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? இதற்குத்தான்.

கை ஒன்று சொல்லும், அறிவு ஒன்று சொல்லும்

பாதையைக் கண்டுபிடிப்பது 200 மணி நேரத்தில் ஒரு பங்கு. இயல்பாக எழும் உணர்வை வெல்லக் கற்பது இன்னொரு பங்கு.

இறக்கையின் மேல் காற்று ஒழுங்காக வழிந்தோடும் வரை அது விமானத்தைத் தூக்கும். மூக்கை மேலும் மேலும் உயர்த்தினால் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடும். ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டியதும் காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரிந்து சுழலத் தொடங்குகிறது. தூக்குவிசை சட்டென்று குறைகிறது. விமானம் கீழே இறங்குகிறது. இதை விமானிகள் 'ஸ்டால்' என்பார்கள். எஞ்சின் நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

விமானம் விழுகிறது என்றால் நம் கை என்ன செய்யும்? பிடியைப் பின்னுக்கு இழுத்து மூக்கைத் தூக்கப் பார்க்கும். அது ஆபத்தை வளர்க்கும்! மூக்கைத் தாழ்த்தினால்தான் காற்று மீண்டும் இறக்கையைத் தழுவும். 'விழும்போது இன்னும் கீழே குனி' என்பது புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும். நல்ல உயரத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, மீண்டும் மீண்டும் செய்தால்தான் கைக்குப் பழகும்.

இரண்டாவது எதிரி நம் காது. உட்செவியில் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள்ளன என்று உயிரியலில் படித்திருப்பீர்கள். தலை திரும்பும்போது அவற்றினுள் இருக்கும் திரவம் பின்தங்குகிறது. அதனால்தான் திரும்புகிறோம் என்பதை மூளை அறிகிறது. ஆனால் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், சுமார் 20 வினாடியில் திரவமும் அதே வேகத்தை எட்டிவிடும். திருப்பம் நின்றுவிட்டதாக மூளை நம்பிவிடும். மேகத்துக்குள் புகுந்துவிட்ட விமானியின் நிலையை எண்ணிப் பாருங்கள். விமானம் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருக்கும். அவரோ நேராகப் போவதாக நினைப்பார். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் அந்த 10 மணி நேரப் பயிற்சி இதற்காகத்தான்.

உரிமம் கையில், வேலை எங்கே?

200 மணி நேரம் முடிந்தது, உரிமமும் வந்துவிட்டது. இனி வேலைதானே? இங்கேதான் சிக்கல். 'நீந்தக் கற்ற பிறகு கிணற்றில் இறங்கு' என்று சொன்னால் எப்படி நீந்தக் கற்பது? அனுபவம் இருந்தால்தான் வேலை. வேலை கிடைத்தால்தான் அனுபவம்.

இந்தச் சிக்கல் புதியதல்ல. நெவில் வின்சென்ட் என்ற விமானி 1920-களின் இறுதியில் பழைய போர்க்கால விமானங்களோடு இந்தியாவில் ஊர் ஊராகச் சென்றார். கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களை வானில் ஏற்றிக் காட்டிப் பிழைத்தார். 1929 பிப்ரவரி 10-ஆம் நாள் இந்தியாவில் விமானி உரிமம் பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டாவும் அவரும் பின்னர் கூட்டுச் சேர்ந்தனர். 1932 அக்டோபர் 15 அன்று டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டு வந்தவர் அதே வின்சென்ட்தான்.

பிரேம் மாத்தூர் 1947-ல் வணிக விமானி உரிமம் பெற்ற பெண். பெண் என்பதாலேயே பல நிறுவனங்கள் அவரை மறுத்துவிட்டன. கடைசியில் ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் அவரைத் துணை விமானியாக ஏற்றுக்கொண்டது. இந்தியாவின் முதல் பெண் வணிக விமானி என்று இன்று அவரைப் போற்றுகிறோம்.

இன்றைய இளம் விமானிக்கு என்னென்ன வழிகள் உள்ளன? முதல் வழி, பயிற்சியாளர் தகுதி பெற்றுப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பது. கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு மணியும் அவர் பதிவேட்டிலும் ஏறும். இரண்டாவது வழி, தனியார் வாடகை விமானங்களில் துணை விமானியாகச் சேர்வது. மூன்றாவது, நிலப்படம் எடுத்தல் போன்ற சிறப்புப் பணிகள். அக்காலத்தில் இப்பணிகளின் பட்டியல் நீளமாக இருந்தது. பயிருக்கு மருந்து தெளிக்கவென்றே பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் 'பசந்த்' என்ற விமானத்தை உருவாக்கி 1972-ல் பறக்கவிட்டது. வறட்சிக் காலங்களில் தமிழ்நாட்டில் செயற்கை மழைக்காக மேகங்களில் உப்புத்துகள் தூவவும் விமானங்கள் பறந்தன.

நான்காவது வழியே இந்தியாவில் பெரும்பாலோர் விரும்புவது. ஏர்பஸ் 320, ஏடிஆர் போன்ற ஒரு குறிப்பிட்ட வகை விமானத்துக்கான தகுதியை மாதிரிக் கூண்டில் பயின்று பெற்று, நேரே பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமர்வது. நம் பக்கத்துப் புதுச்சேரியின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. சுழல்விசிறி கொண்ட ஏடிஆருக்குப் போதும். அங்கே வந்திறங்கும் ஏடிஆரின் வலப்பக்க இருக்கையில் ஒரு புதியவர் அமர்ந்து தம் மணிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். தலைமை விமானிக்கான உயர் உரிமத்துக்கு அவருக்கு 1,500 மணி நேரம் வேண்டும். பள்ளிக் கணக்கில் அது 250 நாள்!

ஆனால் இவ்வேலை கடல் அலைபோல் ஏறி இறங்குவது. 2012-ல் கிங்ஃபிஷர், 2019-ல் ஜெட் ஏர்வேஸ், 2023-ல் கோ ஃபர்ஸ்ட் ஆகியவை பறப்பதை நிறுத்தின. ஒவ்வொரு முறையும் அனுபவமிக்க விமானிகள் பலர் ஒரே நேரத்தில் வேலை தேடி வந்தார்கள். 200 மணி நேரக்காரர் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டார். 2020-ல் கொரோனா வந்தபோது வரிசையே நின்றுபோனது. பிறகு பயணிகள் பெருகினார்கள். நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் புதிய விமானங்களுக்கு ஆணை கொடுத்தன. விமானிகள் போதவில்லை என்ற பேச்சும் எழுந்தது. பயிற்சிக்கோ பல லட்சம் ரூபாய் செலவாகும். அரைக் கோடியையும் எட்டலாம். கடன் வாங்கிப் படித்தவர் அலை இறங்கிய நேரத்தில் வெளியே வந்தால், வட்டி மட்டும் இறங்குவதில்லை. அவர் குடும்பம் இரவில் தூங்குவதில்லை.

பேனா முனையில் பறந்தவர்கள்

இந்த நெருக்கடியில் சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற பி-51 என்ற அமெரிக்கப் போர் விமானம் ஒன்று இருந்தது. 'பார்க்கர் 51' என்ற பெயரில் ஒரு பேனாவும் இருந்தது. பறக்காத நேரத்தைப் பறந்ததாக எழுதுபவரை அமெரிக்க விமானிகள் 'பி-51 ஓட்டியவர்' என்று கேலி செய்வார்கள். அவர் ஓட்டியது பேனா!

சிரிப்பாக இருக்கிறது. ஆனால் 2011-ல் நம் நாட்டில், போலி மதிப்பெண் பட்டியல்களைக் காட்டி உரிமம் பெற்றவர்கள் பிடிபட்டார்கள். பறக்காத நேரத்தை எழுதிக்கொண்டவர்களும் சிக்கினார்கள். மேகத்துக்குள் விமானம் வளையத் தொடங்கும்போது, எழுதிய மணி உதவிக்கு வராது. பறந்த மணிதான் வரும்.

எத்தனை மணி போதும்?

2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து ஸ்டால் நெருங்கியது என்று கருவி எச்சரித்தபோது, தலைமை விமானி பிடியைப் பின்னுக்கு இழுத்தார் என்று விசாரணையில் தெரிந்தது. நாம் மேலே பேசிய அதே தவறு! அதன் பிறகு அமெரிக்கா, பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்று 2013-ல் விதி செய்தது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் அத்தகைய விதி இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த விமானத்தின் இரு விமானிகளுமே 1,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள். அப்படியானால் மணிக்கணக்கு வீணா? அப்படியும் சொல்ல முடியாது. 50 முதல் 350 மணி நேரம் வரை அனுபவமுள்ள சிறு விமான ஓட்டிகளே அதிக ஆபத்துக்கு உள்ளாகிறார்கள் என்று பால் கிரெய்க் என்ற அமெரிக்கர் 2001-ல் ஒரு நூலில் எழுதினார். பயம் போய்விட்டது, திறமை இன்னும் முழுதாக வரவில்லை. சைக்கிளில் கைவிட்டு ஓட்டும் வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆபத்துக் காலம் 350 மணியோடு முடிவதில்லை, இன்னும் நீளும் என்று பிந்தைய ஆய்வு காட்டியது.

ஆக, மணிகள் வேண்டும். ஆனால் அவற்றில் என்ன கற்றோம் என்பதும் வேண்டும். ஒரே மணி நேரத்தை 1,500 முறை பறப்பது வேறு. 1,500 வெவ்வேறு மணி நேரங்களைப் பறப்பது வேறு.

நீங்கள் செய்யக்கூடியவை

விமானியாக வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்டா? பணம் கட்டுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண் போன்ற குறைகளைப் பலர் தாமதமாகத்தான் அறிகிறார்கள். உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு இருந்தால் சேருங்கள். அதில் சில மாணவர்களுக்குச் சிறு விமானத்தில் பறக்கும் வாய்ப்பும் கிடைக்கிறது. பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே பறக்கும் நிலையில் உள்ள விமானங்கள் எத்தனை, பயிற்சியாளர்கள் எத்தனை பேர், 200 மணி முடிக்க முந்தைய மாணவர்களுக்கு எத்தனை மாதம் ஆயிற்று என்று கேளுங்கள். விளம்பரத்தில் உள்ள படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இன்னொரு வாசலும் இன்று திறந்திருக்கிறது. வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோன்களை இயக்க 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் உரிய பயிற்சியும் போதும். அந்த நேரம் விமானியின் பதிவேட்டில் ஏறாது. ஆனால் காற்று, எடை, மின்கலம், விதிகள் என வான்பயணத்தின் அரிச்சுவடியை அது கற்றுத்தரும். கைக்கு வருமானமும் தரும்.

இப்போதைக்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். சுழலும் நாற்காலியில் அமர்ந்து கண்களை மூடிக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவர் மெதுவாக, ஒரே சீராக அரை நிமிடம் சுழற்றட்டும். பிறகு மெல்ல நிறுத்தச் சொல்லுங்கள். நாற்காலி நின்ற பின்பும் நீங்கள் எதிர்ப்புறம் சுழல்வதாகத் தோன்றும். கண்ணைத் திறக்கும் வரை அது பொய் என்று உங்களால் நம்பவே முடியாது. எழுந்திருக்க அவசரப்படாதீர்கள்; நண்பர் உங்களைப் பிடித்துக்கொள்ளட்டும்.

விழுப்புரத்துக்குத் தென்மேற்கே உளுந்தூர்ப்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அன்று அங்கே இறங்கிய இளைஞர்களும் பதிவேட்டில் சில நூறு மணி நேரங்களோடு வந்தவர்கள்தாம். அவர்களும் மேகத்துக்குள் காது சொல்லும் பொய்யைக் கேட்டிருப்பார்கள். கருவியை நம்பக் கற்றவர்கள் தரை சேர்ந்திருப்பார்கள். அடுத்தமுறை திண்டிவனத்தின் மேலே வெள்ளிப் புள்ளி நகரும்போது, வலப்பக்க இருக்கைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மேற்கே எத்தனை பாகை மூக்கைத் திருப்பியிருப்பார் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.